ஒரு சாண் மணலும் மேற்குக் காற்றும்

போன வாரம் ஓர் அதிகாரி என் வீட்டு மாடிப்படி ஏறி வந்து, மீன் தொட்டியின் முன்னால் குனிந்து மோந்து பார்த்தார்.

மீனைப் பார்க்கவில்லை. மோந்து மட்டும் பார்த்தார்.

கழுத்தில் அடையாள அட்டை, கையில் மடித்த கைக்குட்டை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நாத்தம் இங்கிருந்துதான் வருது சார்" என்றார்.

எங்கள் தெருவில் கொஞ்ச நாளாகக் காலை வேளையில் அழுகிய முட்டை நாற்றம். தெருமுனை அம்மன் கோயிலிலிருந்து ரயில் பாதை வரைக்கும் ஒரு வீடு பாக்கி இல்லை. கண் எரிகிறது, தலை கனக்கிறது, தின்றது மேலே வருகிறது. இத்தனைக்கும் காரணம் என் ஹாலின் மூலையில் நிற்கிற கண்ணாடித் தொட்டியாம். சொல்வது யார்? நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதர்.

அவரை அப்படியே மாடியிலிருந்து உருட்டிவிடலாமா என்று தோன்றியது. உருட்டவில்லை. கீழே படியோரம் வீட்டுக்கார அம்மாவின் மகள் நிறைமாதமாக உட்கார்ந்திருந்தாள்.

இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்துப் பிழைக்கிறவன். இரும்பை நம்புவேன், ஆளை நம்ப மாட்டேன். பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்ததா என்று வண்டியை விட்டு இறங்கிப் பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவன் கடல் மீன் வளர்த்தால் எப்படி வளர்ப்பான்? சந்தேகப்பட்டே வளர்ப்பான்.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். விஷயம் தொட்டியின் அடியில்தான் இருக்கிறது.

தொட்டி ஒன்றல்ல, இரண்டு. மேலே பெரியது. அதில் ஒரு ஜோடி கோமாளி மீன் — ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. பெண் பெரியது, ஆண் சின்னது. ஆண் கொஞ்சம் முந்தி நீந்தினால் பெண் ஒரு இடி இடிக்கும். ஆண் பம்மிப் பின்னால் போகும். என் மனைவி சரோஜாவுக்கு இந்த மீன்களைப் பிடித்துப்போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கீழே, ஸ்டாண்டுக்கு உள்ளே, இன்னொரு சின்னத் தொட்டி. மேல் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாக இதில் இறங்கி, மெதுவாகக் கடந்து, மோட்டார் வழியாகத் திரும்ப மேலே ஏறும். கடல் மீன் வளர்க்கிறவர்கள் இதை ரெஃப்யூஜியம் என்பார்கள். மீன் வாயில் சிக்காமல் சின்னச் சின்ன உயிர்கள் பிழைத்துக் கிடக்கிற இடம். சரோஜா வைத்த பெயர் 'கீழ் வூடு'. அதில் மீன் கிடையாது. ஒரு கொத்துக் கடல்பாசி, அதற்கு ஒரு குட்டி ட்யூப் லைட், அப்புறம் மணல்... ஒரு சாண் ஆழத்துக்கு, மாவு மாதிரி மணல்.

மணல் எதற்கு? மீன் தின்கிறது, கழிகிறது. கடலில் என்றால் அது எங்கேயோ போய்விடும். தொட்டியில் எங்கே போகும்? தண்ணீரிலேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக விஷமாகும். இந்த மணலின் மேல் பகுதியில் புழுக்கள் இருக்கின்றன. பொடிப்பொடியாகப் பூச்சிகள் இருக்கின்றன. விழுகிற அழுக்கைத் தின்று, துளை போட்டு, மணலை உயிரோடு வைத்திருப்பது அவைதான். அடி மணலுக்குக் காற்றுப் போகாது. அந்தக் காற்றில்லாத இருட்டில் வேறு வகைக் கிருமிகள். தண்ணீரில் மிச்சமிருக்கும் நைட்ரேட்டை அவை உடைத்து, வெறும் காற்றுக் குமிழியாக்கி வெளியே விடும். கண்ணாடி ஓரம் பார்த்தால் குமிழி தெரியும், புழு போன பாதை தெரியும்.

இதைப் பராமரிக்க ஒரே விதிதான். கை வைக்காதே. கழுவாதே, கலக்காதே, குழாய் போட்டு உறிஞ்சாதே. ஏன்? அடியில் அங்கங்கே மணல் கறுத்துப்போயிருக்கும். அந்தக் கறுப்பில் ஒரு வாயு அடைந்து கிடக்கும் — அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற அதே வாயு. அடைந்து கிடக்கிற வரைக்கும் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. கையை விட்டுக் கலக்கினால் மேலே இருக்கிற மீன்களின் கதை முடிந்தது.

டோல்கேட் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து இதை முதலில் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. கை வைக்காதே என்று ஒருவன் சொன்னால் அங்கே எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். மெஷின் என்றால் துடைக்க வேண்டும், எண்ணெய் விட வேண்டும். சும்மா விட்டால் நன்றாக ஓடுகிற பொருளை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. ஆனால் அதற்கு முன்னால் வைத்திருந்த தொட்டியில் மணலை வாரம் தவறாமல் அலசினேன். மீனும் வாரம் தவறாமல் செத்தது. சரி, இதையும் பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன்.

மணல் வாங்கக் கொளத்தூர் போனேன். கடல் மீன் விற்கிற கடை. கடைக்காரர் ஒரு மூட்டையைத் தட்டிக் காட்டி, அசல் சிப்பி மணல் என்றார். நான் பையிலிருந்து வினிகர் பாட்டிலை வெளியே எடுத்தேன். சிப்பி மணல் என்றால் வினிகர் பட்டதும் நுரைத்துப் பொங்கும். கட்டட மணல் சும்மா கிடக்கும்.

"இன்னா சார், சந்தேகமா?"

"ஆமா."

"இத்தினி வருசமா கடை வெச்சிக்கீறேன். ஒருத்தரும் இப்டி ஊத்திப் பாத்ததில்ல."

"அதான் நான் ஊத்துறேன்."

பொங்கியது. அவர் முகமும் பொங்கியது. மேலே நல்ல மணல், அடியில் வேறு என்று இருந்தால்? மூட்டையின் அடியிலிருந்தும் ஒரு பிடி எடுத்து ஊற்றினேன். அதுவும் பொங்கியது. காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

தண்ணீருக்குக் கன்னியப்பன். காசிமேட்டில் விசைப்படகில் போகிறவன், என் பழைய தோஸ்து. கரையோரத் தண்ணீர் வேண்டாம், அதில் டீசல் மிதக்கும், இங்கே எண்ணூர் பக்கம் என்றால் சாம்பலும் சேரும். வலை போடுகிற ஆழத்தில் மொண்டு கேனில் கொண்டு வா என்று சொல்லியிருந்தேன். கேன் வந்ததும் உப்பு அளக்கிற கருவியை விட்டுப் பார்ப்பேன். துறைமுகத்திலேயே நிரப்பிக்கொண்டு வந்திருந்தால்?

"தண்ணிக்குக்கூட சாட்சி கேப்பியா மாமு?" என்பான். கோபப்பட மாட்டான். கடலில் போகிறவனுக்கு என்னைவிடப் பெரிய சந்தேகங்கள் உண்டு.

பழவேற்காட்டுப் பக்கம் சேறும் மணலும் கலந்த இடத்தில் இருந்து புழு கேட்டதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. மணல் உயிரோடு இருக்க வேண்டும் என்றால் அவ்வப்போது புதுப் புழு விட வேண்டும். கலக்காமல் செய்கிற பராமரிப்பு அது ஒன்றுதான்.

"ஊரு ஒலகம் எங்கையில மீனு கேக்குது. நீ ஒர்த்தன்தான் புழு கேக்குற. வெளிய சொல்லிடாத மாமு. என் தம்பிக்குப் பொண்ணு குட்க்க மாட்டானுங்க."

ஆனால் கொண்டு வந்தான். மணல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆனது. மணல் தெரிகிற கண்ணாடிப் பக்கத்தில் வெளிச்சம் பட்டால் பாசி ஏறும் என்பதற்காக, கறுப்பு சார்ட் தாளை வெட்டிச் சுற்றி ஒட்டினேன். அந்தத் தாள் பின்னால் என் கழுத்தைப் பிடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இந்த ஆடியில் கோமாளி மீன் முட்டை இட்டது. உடைந்த ஓட்டுத் துண்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். ஆண் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறுகிறது. பெண் காவல். சரோஜா கண்ணாடியில் விரல் வைத்தால்கூட முட்ட வருகிறது.

அதே ஆடியில்தான் நாற்றமும் ஆரம்பித்தது.

ஆடியில் எங்கள் பக்கம் காலையில் மேற்குக் காற்று. மேற்கே என்ன இருக்கிறது என்று வடசென்னையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஆலை என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். மதியம் கடல் காற்று ஏறினால் நாற்றம் போய்விடும். மறுநாள் விடிந்தால் திரும்ப வரும்.

நாற்றம் எங்களுக்குப் புதிதல்ல. கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் போனாலும் எந்த ஸ்டாப்பிங் என்று மூக்கு சொல்லும். கொருக்குப்பேட்டைக்கு ஒரு வாசம், காசிமேட்டுக்கு ஒரு வாசம். ஆனால் இது வேறு. இது வாசம் இல்லை, அடி.

கீழ் வீட்டில் எங்கள் வீட்டுக்கார அம்மா, தனம் அக்கா. அவர் மகள் செல்வி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மசக்கை எல்லாம் தாண்டிய மாதத்தில், காலையில் எழுந்ததும் வாந்தி, தலைசுற்றல். ஒரு நாள் வாசற்படியிலேயே மயங்கிச் சரிந்தாள். சரோஜாதான் தாங்கிப் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா சொன்னது: "அந்த வாசனை படாம பாத்துக்கங்க." எப்படிப் பார்த்துக்கொள்வது? மூக்கைக் கழற்றி ஆணியில் மாட்டுவதா?

அன்றைக்குத்தான் நான் போன் போட ஆரம்பித்தேன். இந்த மாதிரி விஷயத்துக்கென்று இருக்கிற ஆபீஸுக்கு. திட்டித் திட்டிப் போட்டேன். கடைசியில் அதிகாரி வந்தார்.

எப்போது வந்தார்? கடல் காற்று நன்றாக ஏறிய பிறகு. கொடியில் துணி எல்லாம் மேற்குப் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. தெருவில் மீன் குழம்பு வாசம்.

"எங்க சார் நாத்தம்?"

"காலையில வாங்க. காட்டுறேன்."

"ஆபீஸ் நேரம்னு ஒண்ணு இருக்கு இல்ல சார்?"

காற்று எப்போது திரும்பும் என்று தெரியாமல் வந்தாரா, தெரிந்துதான் வந்தாரா? எனக்கு இன்னமும் சந்தேகம். நான் அவரோடு மல்லுக்கு நிற்கும்போதுதான் தனம் அக்கா வாசலில் இருந்து குரல் கொடுத்தார்.

"மேல மீன் தொட்டி ஒண்ணு கீது சார். அத்தையும் பாத்துடுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. செல்வியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அதிகாரி மேலே வந்தார், குனிந்தார், மோந்தார் — இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அடுத்து கறுப்புத் தாளைப் பார்த்தார்.

"இது என்ன? எதை மறைச்சு வெச்சிருக்கீங்க?"

கேட்டுக்கொண்டே பிய்த்தார். உள்ளே மணல். வெள்ளை, அதன் கீழே சாம்பல், அதன் கீழே கறுப்புத் திட்டு.

"கறுப்பா இருக்கே?"

இந்த இடத்தில் புத்தி உள்ளவன் என்ன செய்வான்? வாயை மூடுவான். நான் விளக்கினேன். "அடியில காத்துப் போகாது சார். அந்தக் கறுப்பைக் கலக்கினா அழுகின முட்டை நாத்தம் வரும்."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மேற்கே இருக்கிற ஆலை வாசல் எதிலும் போய் நிற்க வேண்டாம் என்கிற வெளிச்சம்.

"அப்போ நீங்களே ஒத்துக்கறீங்க."

"கலக்கினாத்தான் வரும்னு சொன்னேன்."

"வரும்னு சொன்னீங்க இல்ல?"

"தெரு முழுக்க வருமா? ரயில்வே லைன் வரைக்கும் வருமா?"

"சார், சும்மா எதையும் கிளறாதீங்க. சின்ன விஷயம். தொட்டியை எடுத்துட்டா முடிஞ்சிடும்."

படி இறங்கும்போது தனம் அக்காவிடமும் அதையே சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை டீக்கடைக்குப் போனேன். நாற்றம் அடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஒருவன் மூக்கைப் பொத்தினான். அதுவரைக்கும் பொத்தவில்லை.

"இன்னா வாத்தியாரே, உன் மீனு ஊரையே நாறடிக்குதாமே?"

"நேத்துவரிக்கும் மேக்கால இருந்து வருதுன்னு சொன்ன?"

"கெவுர்மெண்டு ஆளு சொல்லிக்கீறார். அவுருக்குத் தெர்யாதா?"

அவனும் சிரித்தான், பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நம்பித்தான் சிரித்தார்களா? ஒருவன்கூட நம்பவில்லை என்று நான் சத்தியம் செய்வேன். ஆனாலும் அன்றிலிருந்து தெருவில் அது என் நாற்றம்.

வீட்டுக்கு வந்தால் தனம் அக்கா மாடியில் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, தப்பா நெனைக்காத. பொண்ணுக்கு வலி எடுக்கறதுக்குள்ள தொட்டிய எடுத்துடு."

"எடுத்தா மீன் செத்துடும்க்கா. கீழ கீற தொட்டிய அசைச்சாலே மணலு கலங்கிடும். அத்தோட முட்டையும் போச்சு."

"மீனுக்கு முட்ட. என் பொண்ணுக்குப் புள்ள." அவர் குரலில் கோபம் இல்லை. "நீ எடுக்கலன்னா... நான் இன்னா சொல்றது. வூட்ட..."

முடிக்கவில்லை. முடிக்கவும் வேண்டியதில்லை.

அவர் போனதும் என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. செல்வியின் புருஷனுக்கு எங்கே வேலை? மேற்கே, ஒரு ஆலையில், கான்ட்ராக்டில். தெருக்காரன் புகார் கொடுத்தான், அதில் இன்னார் மாமியார் வீடும் உண்டு என்று அங்கே தெரிந்தால் மறுநாள் கேட்டுக்குள் விட மாட்டார்கள். அதனால்தான் அந்தம்மா என் தொட்டியைக் கை காட்டினார். ஆள் கெட்டிக்காரி. கீழே குடியிருந்துகொண்டு மேலே இருப்பவன் கழுத்தில்... இப்படியே பொருமிக்கொண்டிருந்தேன்.

சரோஜா கேட்டாள். "மெய்யாலுமே இதுலேர்ந்து வர்லியா?"

"நீயுமா?"

"கேக்கறதுக்கு இன்னா? வயித்துப் புள்ளக்காரி மயங்கி வியறா. நீ ஒரு தபா மோந்து பாத்தியா?"

அதுவும் நியாயம்தான். ஊரில் எல்லாரையும் சந்தேகப்படுகிறவன் தன் தொட்டியை மட்டும் விட்டுவிடலாமா? குனிந்து மோந்தேன். பாசி வாசம், உப்பு வாசம். ஆனால் என் மூக்கை நான் நம்பலாமா? கட்டிங் ஆயிலிலும் இந்த ஊர்க் காற்றிலும் ஊறிய மூக்கு. சரோஜாவை மோந்து பார்க்கச் சொன்னேன்.

"கருவாட்டுக் கடையாண்ட நிக்கிற மாரி கீது."

உபயோகமில்லை.

மறுநாள் விடியலில் கீழ்த் தொட்டி மேல் பலகை வைத்து, ஈரத் துணியால் சுற்றி அடைத்தேன். ஜன்னல் எல்லாம் சாத்தினேன். வெளியே நாற்றம் ஏற ஆரம்பித்ததும் தனம் அக்காவை மேலே கூப்பிட்டேன். முதலில் ஹாலில், தொட்டியின் பக்கத்தில் நிற்க வைத்தேன். அப்புறம் மொட்டை மாடிக்கு அழைத்துப் போனேன். சரோஜாவும் வந்தாள்.

மொட்டை மாடியில் நிற்க முடியவில்லை. மேற்குக் காற்று முகத்தில் அறைந்தது. அந்தம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"எங்கக்கா ஜாஸ்தி? தொட்டியாண்டயா, இங்கயா?"

 அவர் மேற்கே புகைபோக்கிகள் தெரிகிற பக்கம் திரும்பினார்.

"எனுக்குத் தெர்யாதா தம்பி?" என்றார். "இந்தத் தெருவுல தெர்யாதவ யாரு? தொட்டிய எடுன்னு சொன்னா நீ எடுப்ப. சண்ட போடுவ, ரெண்டு நாளு பேச மாட்ட, ஆனா எடுப்ப. அவுங்கள எடுன்னு சொன்னா எவன் எடுப்பான்? நான் யாராண்ட போய்ச் சொல்றது? எதுனா ஒண்ணு எடுத்தாத்தான பொண்ணுக்காவ நான் இன்னாமோ செஞ்சேன்னு இருக்கும்."

எனக்குத் திட்ட வரவில்லை. வாழ்க்கையில் சில தடவைதான் அப்படி ஆகியிருக்கிறது.

சரோஜா குறுக்கே வந்தாள். "எடுக்கறதுன்னா பொண்ண எடு. பெரம்பூர்ல என் தங்கச்சி வூடு காத்தோட்டமா கீது. ஆஸ்பத்திரியும் கிட்ட."

"தலப்பிரசவத்துக்குத் தாய் வூட்டுக்கு வந்தவள ஊரார் வூட்டுக்கு அனுப்புனா அவ மாமியா இன்னா பேசும்?"

"நான் ஊராரா?"

"உன்னச் சொல்லல சரோஜா..."

"அப்பொ பேசாம துணிய மூட்ட கட்டு. நீயும் கூடப் போயி குந்து. தாய் கீற எடம்தான் தாய் வூடு."

மத்தியானமே ஆட்டோ வந்தது. ஏறும் முன்னால் அந்தம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ சும்மா இருக்க மாட்ட, தெரியும். ஆனா மாப்ள பேரு எங்கயும் வரக் கூடாது தம்பி." அந்தக் குடும்பத்தின் பெயர்களை இங்கேயும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

நான் சும்மா இருக்கவில்லை.

மோட்டாரை நிறுத்திவிட்டு, கீழ்த் தொட்டியின் ஒரு மூலையில் மட்டும் கண்ணாடிக் குழாயை மெதுவாக இறக்கினேன். மேல் வாயை விரலால் மூடி, மூச்சை அடக்கி, உருவினேன். குழாயின் அடியில் ஒரு ஸ்பூன் கறுப்பு மணல். மூலை மணல் கொஞ்சம் சரிந்து, தானே மூடிக்கொண்டது. மேல் தொட்டியில் பெண் மீன் என்னை முறைத்தது. நியாயம்தான். கை வைக்காதே என்று விதி போட்டவனே கை வைத்தால்?

அந்த ஒரு ஸ்பூனை ஜாம் பாட்டிலில் போட்டு இறுக மூடினேன். பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பேசின் பிரிட்ஜ் தாண்டும்போது பஸ்ஸில் அத்தனை பேரும் மூக்கைப் பொத்தினார்கள். என் பாட்டில் மூடியேதான் இருந்தது.

அதிகாரியின் மேஜைக்குப் போய் எதிரில் உட்கார்ந்தேன். பாட்டிலைக் குலுக்கினேன். திறந்தேன்.

நாற்காலியோடு பின்னால் போனார். மேலே ஃபேன் ஓடியது. பக்கத்து மேஜைகளில் தலைகள் நிமிர்ந்தன.

"மூடுங்க சார். முதல்ல மூடுங்க."

மூடினேன். "எங்க வீட்டுல இருந்து வர்ற நாத்தம் இதானே?"

"அதான் அன்னைக்கே சொன்னேனே."

"இருங்க." கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஃபேன் சுற்றியது. "இப்ப வருதா?"

அவர் மூக்கை உறிஞ்சினார்.

"ஒரு ஸ்பூன் இருக்கு. மூடினா நின்னு போச்சு. தொட்டியையும் பலகை போட்டு மூடிப் பாத்துட்டேன், தெருவுல நிக்கல. எங்க தெருவுல வர்றதுக்கு மூடி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல சார். கண்டுபிடிக்கிற வேலை உங்களுது."

"தேவையில்லாம பெருசாக்குறீங்க. சரி, புகார் எழுதிக்கறேன். தெருவுல யார் யார் பேரு?"

"என் பேரு மட்டும்."

"தெரு முழுக்க நாத்தம்னு சொல்றீங்க, ஒருத்தர்தான் புகாரா?"

"மத்தவங்களுக்கு மூக்கும் இருக்கு, வேலையும் இருக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். புரிந்திருக்கும். இந்த வேலையில் இருக்கிறவருக்கு அது புரியாமல் இருக்காது. எழுந்து வரும்போது, "அந்த பாட்டில எடுத்துட்டுப் போயிடுங்க சார்" என்று மட்டும் சொன்னார். வெள்ளிக்கிழமை விடியலிலேயே தெருவுக்கு வருவதாகவும் சொன்னார்.

நான் இதை எழுதுவது சனிக்கிழமை. அவரைக் காணோம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒன்று யோசித்தேன். கை வைக்காதே, கிளறாதே — என் மணலுக்கும் அதே பேச்சு, எங்கள் ஊருக்கும் அதே பேச்சு. இரண்டையும் ஏன் ஒரே மாதிரி கேட்டுக்கொள்ள முடியவில்லை? மணலில் கை வைக்காமல் இருக்கிறேன் என்றால், அங்கே அடியில் வேலை நடக்கிறது. ராத்திரி பகலாகப் புழுக்கள் உழைக்கின்றன. கண்ணாடி வழியாக அதை நான் பார்க்கிறேன். வேலை நடக்கிற இடத்தில் கை வைக்கக் கூடாதுதான். வேலையே நடக்காத இடத்தில் கறுப்புத் தாளை மட்டும் ஒட்டிவிட்டு, கிளறாதே என்றால்?

பிய்த்துப் பார்க்கத்தான் வேண்டும். அந்த அதிகாரிதானே வழி காட்டினார்.

மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டைக்குள் கண் தெரிகிறது, வெள்ளிப் பொட்டு மாதிரி. செல்விக்குப் பெரம்பூரில் வாந்தி நின்றுவிட்டது. இன்னும் வலி எடுக்கவில்லை. தெருவில் நாற்றம் அப்படியேதான் இருக்கிறது.

இன்று காலை தனம் அக்கா மாற்றுத் துணி எடுக்க வந்தவர், மாடிக்கு வந்தார். தொட்டியை எடு என்று சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து, நான் திரும்ப ஒட்டியிருந்த கறுப்புத் தாளை ஓரமாக விலக்கி, மணலைப் பார்த்தார். கண்ணாடி ஓரம் ஒரு புழு மெதுவாக நெளிந்து கீழே போய்க்கொண்டிருந்தது.

"இதுங்க இன்னா பண்ணுது தம்பி?"

"மேலேர்ந்து வர்ற அழுக்கத் துன்னுதுங்க. விஷமாவாம பாத்துக்குதுங்க."

"யாரும் சொல்லாமயா?"

"யாரும் சொல்லாம."

 அப்புறம் முட்டியில் கை ஊன்றி எழுந்தார். மூக்கில் முந்தானை.

"கன்னியப்பனாண்ட சொல்லி இன்னும் நாலு கூட புழு கொண்டாரச் சொல்லு. மேக்கால போய்க் கொட்டிட்டு வருவோம்."

சொல்லியிருக்கிறேன். கன்னியப்பன் கூடை தேடிக்கொண்டிருக்கிறான்.